சிறிய கேமரா ஒன்று வாங்குவதற்கு முன்

கையில் நல்ல ஸ்மார்ட்போன் இருக்கும்போது தனியாக ஒரு சிறிய கேமரா எதற்கு என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் எந்த மாடலையும் பரிந்துரைப்பது முறையாகாது. பகல் வெளிச்சத்தில் ஆறேழு அடி தூரத்தில் நிற்பவர்களை எடுத்து, உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் தேவை என்றால், இங்கே நான் எழுதப்போகும் எந்தக் கேமராவும் அந்த வேலையைப் போனைவிடச் சிறப்பாகச் செய்துவிடாது. அப்படிப்பட்டவர்கள் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் போனில் எடுத்துப் பார்த்து மனம் நிறையாத படங்கள் என்று ஒரு வகை எல்லோரிடமும் இருக்கிறது. அந்தப் படங்கள் எவை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அவற்றுக்காக மட்டுமே கேமராவைத் தேட வேண்டும் என்பதுதான் பல சிறிய கேமராக்களைப் பயன்படுத்திப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதியான கருத்து.

இந்த முடிவை நாமே எடுத்தாக வேண்டிய நிலைமைக்குக் காரணம் சந்தையின் போக்கு. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர்களின் சங்கம் வெளியிடும் கணக்குப்படி 2010ஆம் ஆண்டில் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை லென்ஸ் மாற்ற முடியாத சிறிய கேமராக்கள். 2023இல் அந்த வகைக் கேமராக்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. விலை குறைந்த, ஓரளவு நல்ல கேமராக்கள் இருந்த நடுத்தட்டு அப்படியே மறைந்துபோனது. இன்று மிஞ்சியிருப்பவை விலை உயர்ந்த தரமான சில மாடல்கள், பத்தாண்டுக்கு முந்தைய வடிவமைப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சில மாடல்கள், பெயர் தெரியாத நிறுவனங்களின் பளபளப்பான போலிகள். மூன்றும் இணையக் கடையின் ஒரே பக்கத்தில், ஒரே மாதிரியான வாசகங்களுடன் வரிசையாக நிற்கின்றன.

போன் எங்கே தோற்கிறது என்பதைப் பார்ப்போம். மங்கலான வெளிச்சத்தில் போன் ஒரே ஒரு படத்தை எடுத்து நிறுத்துவதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாக்கி, நாய்ஸ் எனப்படும் புள்ளிகளைக் குறைத்துத் தருகிறது. எரிந்துகொண்டிருக்கும் குத்துவிளக்கின் பித்தளைத் தண்டுக்கு இது அற்புதமாகப் பலிக்கும். அந்த விளக்கைச் சுற்றி ஓடும் குழந்தைக்குப் பலிக்காது. முகம் மெழுகுபோல வழவழப்பாகவும் கைகால்கள் கரைந்தும் வரும். பட்டுப்புடவையின் சரிகையைப் போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இழைகள் தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சள் வண்ணம் தீற்றியதுபோல இருக்கும், ஏனெனில் அந்த நுண்ணிய இழைகளையும் நாய்ஸ் என்று எண்ணி மென்பொருள் துடைத்துவிடுகிறது. அடுத்தது தூரம். மூன்று அல்லது ஐந்து மடங்குக்கு மேல் பெரும்பாலான போன்கள் செய்வது ஏற்கெனவே எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே. இன்னொன்று ஃபிளாஷ்: போனில் இருப்பது ஒரு சிறிய எல்இடி விளக்கு, கேமராவில் இருக்கும் செனான் குழல் ஃபிளாஷ் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே ஒளிர்ந்து, அசைவை உறையவைத்துவிடும். உச்சி வெயிலில் நிழல் விழுந்த முகத்தை எடுக்கும்போதும் அந்தச் சிறு ஃபிளாஷ் செய்யும் உதவியைப் போன் விளக்கால் செய்ய இயலாது.

கடைக்குள் நுழைந்ததும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மெகாபிக்சலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, லென்ஸைச் சுற்றி வட்டமாகப் பொறித்திருக்கும் எண்களைப் படிக்க வேண்டும். கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 கேமராவில் அங்கே 8.8–36.8 மி.மீ., 1:1.8–2.8 என்று இருக்கும். கேனனின் ஐக்சஸ் 285 கேமராவில் 4.5–54.0 மி.மீ., 1:3.6–7.0 என்று இருக்கும். முதல் இரண்டு எண்கள் லென்ஸின் குவியத் தூரம். மில்லிமீட்டர் சிறிதாக இருந்தால் உள்ளே ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரும் சிறிது என்று பொருள். அடுத்த இரண்டு எண்கள் லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கின்றன. இதை எஃப் எண் என்பார்கள். எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். ஐக்சஸின் சென்சார் 6.17 × 4.55 மி.மீ., அதாவது 28 சதுர மில்லிமீட்டர். ஜி7 எக்ஸின் சென்சாருக்கு ஒரு இன்ச் என்ற பெயர் வழங்கினாலும் உண்மை அளவு 13.2 × 8.8 மி.மீ., அதாவது 116 சதுர மில்லிமீட்டர். பரப்பு நான்கு மடங்கு. துவாரத்தில் 3.6க்கும் 1.8க்கும் உள்ள வேறுபாடு இன்னொரு நான்கு மடங்கு. ஆக, ஜூம் செய்யாத நிலையில், ஒரே ஷட்டர் வேகத்தில், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம் ஒன்றாக இருக்கும்போது, ஒரு கேமரா மற்றதைவிட 16 மடங்கு வெளிச்சத்தைச் சேகரிக்கிறது. இரண்டுமே 20 மெகாபிக்சல் கேமராக்கள்தாம். பெட்டியின் முன்பக்கத்தில் உள்ள அந்த எண் இந்த 16 மடங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

மெகாபிக்சலைப் பற்றி இதற்குமேல் நீட்ட வேண்டியதில்லை. ஏ4 தாளில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில் அச்சிட ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும். 4கே தொலைக்காட்சித் திரை முழுவதற்கும் 8 போதும்.

தூரத்துப் படங்களே தேவை என்போருக்கு பானசோனிக் டிஇசட்99 ஒரு வாய்ப்பு. 2025இல் 499 டாலர் விலையில் வந்த இந்தக் கேமரா, ஃபுல் ஃபிரேம் கணக்கில் (சென்சார் அளவு வேறுபட்டாலும் லென்ஸ்களை ஒப்பிட உதவும் பொது அளவு) 24 முதல் 720 மி.மீ. வரை, அதாவது 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் தருகிறது. ஸ்ரீரங்கத்தின் 13 நிலை ராஜகோபுரத்தைத் தெருவில் நின்று பார்க்கிறோம். மேல்நிலைகளில் உள்ள சுதை உருவங்களை முகம் தெரிய எடுக்க வேண்டும் என்றால் சட்டைப்பையில் அடங்கும் கேமராக்களில் இதைப்போல நீளும் லென்ஸ் அரிது. காலை வெயிலில் அந்தப் படங்கள் நன்றாகவே வருகின்றன. ஆனால் இதன் எல்லையைப் புரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஜூமின் கடைசியில் துவாரம் எஃப் 6.4 ஆகச் சுருங்குகிறது. அந்தத் துவாரத்தின் வழியாக வரும் ஒளிப் புள்ளி, விளிம்பு விளைவினால் (துவாரத்தின் ஓரங்களில் ஒளி வளைவதால்) சென்சாரின் மேல் 8 மைக்ரானுக்கும் அதிக விட்டமுள்ள ஒரு வட்டமாகப் பரவுகிறது. அந்தச் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ 1.2 மைக்ரான்தான். ஒரு புள்ளி ஏழு பிக்சல்களின் மேல் படரும்போது 20 மெகாபிக்சலில் பெரும்பகுதி பெயரளவில்தான் இருக்கிறது. இது தயாரிப்புக் குறை அல்ல, இயற்பியல். எந்த நிறுவனத்தின் சிறு சென்சார் சூப்பர் ஜூம் கேமராவுக்கும் இது பொருந்தும். இந்த மாடலில் நான் குறையாகக் கருதுவது வேறொன்று. இதற்கு முன்பு வந்த மாடலில் இருந்த, கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை இதில் எடுத்துவிட்டார்கள். 720 மி.மீ. ஜூமில், கைகளை நீட்டி, வெயிலில் மங்கிப்போன திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு சிறு உருவத்தைச் சட்டத்துக்குள் நிறுத்துவது மிகவும் சிரமம். கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் கிடைக்கும் நிதானத்தை கை நடுக்கத்தைச் சமன்செய்யும் எந்த ஸ்டெபிலைசரும் முழுமையாக ஈடுகட்டாது. மாலை ஐந்தரை மணிக்குமேல் இதை உறைக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

நம் வீடுகளில் பெரும்பாலோர் கேமரா தேடுவது கல்யாண மண்டபத்துக்காகவும் பிள்ளைகளின் மேடை நிகழ்ச்சிக்காகவும்தான். இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு இன்ச் சென்சார் கேமராக்களே பொருத்தமானவை. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7. இரண்டும் 2019இல் வந்தவை. இரண்டும் 300 கிராமைச் சற்றே தாண்டும் எடை. இரண்டிலும் 20 மெகாபிக்சல். தொடக்க விலையில் மட்டும் பெரிய இடைவெளி: கேனன் 749 டாலர், சோனி 1,199 டாலர். அதன்பின் சமூக ஊடகங்களில் கிடைத்த புகழால் கேனனுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது, விலையும் ஏறியது. இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு லென்ஸில் இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கணக்கில் சொன்னால், கேனன் 24–100 மி.மீ., எஃப் 1.8–2.8. சோனி 24–200 மி.மீ., எஃப் 2.8–4.5. தூரம் வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா என்ற தேர்வு இது. ஒரே அளவுள்ள உடலுக்குள் இரண்டையும் சேர்த்துத் தர யாராலும் இயலவில்லை.

மண்டபத்தில் இது எப்படி உருவெடுக்கிறது என்று சொல்கிறேன். தாலி கட்டும் நேரம். மணவறையைச் சுற்றித் தொழில்முறைப் புகைப்படக்காரரும் வீடியோகிராஃபரும் உறவினரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நாம் மூன்றாம் வரிசையில் நிற்கிறோம். தலைகளுக்கு மேல் கையை உயர்த்திப் பிடித்து, திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. சோனியின் திரை கீழ்நோக்கி 90 பாகை சாய்கிறது. கேனனின் திரை 45 பாகையோடு நின்றுவிடுகிறது. விவரப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கும் இந்த வேறுபாடு அந்த இடத்தில்தான் உறைக்கிறது, ஏனெனில் 45 பாகைத் திரையில் தலைகளுக்கு மேலிருந்து எதைச் சட்டமிடுகிறோம் என்பதைப் பாதி ஊகமாகத்தான் அறிய முடியும். ஃபோகஸிலும் சோனி வெகுவாக முந்துகிறது. அதன் சென்சாரில், லென்ஸை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதை நேரடியாகக் கணிக்கும் 357 ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகள் இருப்பதால், அட்சதை பறக்கும்போதும் ஓமப்புகை நடுவில் வரும்போதும் மணமகளின் கண்ணைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. கேனன் கான்ட்ராஸ்ட் முறையில் ஃபோகஸ் செய்வது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடும். புகைப்படத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், வீடியோவில் முகம் தெளிந்தும் மங்கியும் துடிப்பது கண்ணை உறுத்தும்.

ஆனால் வெளிச்சம் குறையும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. பள்ளி ஆண்டு விழாவிலோ அரங்கேற்றத்திலோ ஆடும் குழந்தையை எடுக்க நொடியில் 250இல் ஒரு பங்கு ஷட்டர் வேகமாவது வேண்டும். எஃப் 2.8 துவாரத்தில் அதற்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு; கூடக்கூட நாய்ஸும் கூடும்) 1600 தேவைப்படும் மேடை என்று வைத்துக்கொள்வோம். சோனியின் 200 மி.மீ. முனையில் எஃப் 4.5 ஆவதால் அதே படத்துக்கு ஐஎஸ்ஓ 4000ஐத் தாண்ட வேண்டியிருக்கும். ஒரு இன்ச் சென்சாரில் 1600 நிறைவாக இருக்கும். 4000இல் முகத்தின் நிழற்பகுதிகளில் நிறம் சிதறத் தொடங்கும். முதல் இரண்டு வரிசைகளில் இடம் கிடைப்பவர்களுக்குக் கேனனின் 100 மி.மீ. போதும், அவர்களுக்குக் கேனனே மேல். பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேனனில் மேடை முழுதும் வரும், குழந்தை கட்டைவிரல் அளவில் வரும். அவர்கள் சோனியை எடுத்துக்கொண்டு, ரா எனப்படும் பதப்படுத்தாத வடிவில் பதிவு செய்து, பிறகு கணினியில் நாய்ஸைக் குறைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. மேடை எல்இடி விளக்குகளின் கீழ் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழக்கூடும். இயந்திர ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இக்கேமராக்களின் லென்ஸுக்குள் இருக்கும் லீஃப் ஷட்டர் எழுப்பும் ஒலி பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடக் கேட்காது என்பதால் தயங்க வேண்டியதில்லை. வீட்டு டியூப்லைட்டின் கீழ் பட்டை தெரிந்தால், நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்து, ஷட்டர் வேகத்தை நூறில் ஒரு பங்காக வைத்துக்கொள்ளலாம்.

கையில் பிடிக்கும் சுகம் கேனனுக்கே உரியது. முன்பக்கத்தில் விரலுக்குப் பிடிமானம், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனியாக ஒரு சக்கரம், உச்சி வெயிலிலும் துவாரத்தைத் திறந்து வைக்க உதவும் என்டி ஃபில்டர் ஆகியவை அதிலேயே இருக்கின்றன. சோனியின் உடல் சோப்புக்கட்டிபோல வழுக்கும். பிடிமானத்துக்கு ஒரு ரப்பர் துண்டைத் தனியே வாங்கி ஒட்டாமல் அதை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். மெனுவும் அடர்ந்த காடு. அதற்கு மாறாக, சோனியில் மேலெழும் சிறிய வியூஃபைண்டர் உண்டு, கேனனில் இல்லை. சோனியின் ஃபிளாஷை விரலால் பின்னோக்கிச் சாய்த்தால் வெளிச்சம் கூரையில் பட்டு மென்மையாக இறங்கும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த தாழ்வான கூரையுள்ள வீடுகளில் பிறந்தநாள் படங்களுக்கு இந்தச் சிறு வசதி தரும் அழகு, விலை வேறுபாட்டில் ஒரு பகுதியை நியாயப்படுத்திவிடுகிறது. பேட்டரி இரண்டிலும் போதாது. அதிகாரப்பூர்வக் கணக்கில் கேனன் 235, சோனி 260 படங்கள்தான் தாங்கும். முகூர்த்தத்துக்குப் போகும் கேமராவுக்கு உபரி பேட்டரி கட்டாயம்.

எனக்கு மிகவும் பிடித்த கேமரா இந்த இரண்டும் அல்ல. ரிக்கோ ஜிஆர் 3. இதையும் 2019இல்தான் வெளியிட்டார்கள். பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம் எடையுள்ள இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இருப்பதற்கு இணையான ஏபிஎஸ்-சி சென்சார் இருக்கிறது. பரப்பில் ஒரு இன்ச் சென்சாரைப்போல மூன்று மடங்கு. ஜூம் கிடையாது. 28 மி.மீ. பார்வைக்கோணத்தில், எஃப் 2.8 துவாரத்தில், ஒரே ஒரு லென்ஸ். ஃபிளாஷ் கிடையாது, திரை சாயாது, வியூஃபைண்டர் இல்லை, 4கே வீடியோ இல்லை, பேட்டரி 200 படங்களில் தீர்ந்துவிடும். இத்தனை இல்லைகளையும் எழுதிவிட்டு இதைப் புகழ்வதற்குக் காரணம், தெருவில் நடக்கும் வாழ்க்கையை எடுப்பதற்கு இதைவிட வேகமான சிறிய கேமராவை நான் கண்டதில்லை.

அந்த வேகத்தின் இரகசியம் ஸ்னாப் ஃபோகஸ். லென்ஸை 2 மீட்டர் தூரத்துக்கு முன்கூட்டியே நிறுத்திவைத்து, துவாரத்தை எஃப் 8இல் வைத்துவிட்டால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து 20 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். பொத்தானை ஒரே மூச்சில் அழுத்தினால் கேமரா எதையும் தேடாமல் அந்தக் கணத்திலேயே எடுத்துவிடும். பங்குனிப் பெருவிழாவின் அறுபத்துமூவர் நாளில் மயிலாப்பூர் மாட வீதியில் நிற்பதை எண்ணிப் பாருங்கள். பல்லக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சீர்பாதம் தாங்கிகள் தோள் மாற்றுகிறார்கள். நீர்மோர்க் குவளையை நீட்டும் ஒரு கை, அதை வாங்கிக் குடிக்கும் ஒரு முகம். போனைத் திறந்து, கேமராவைத் தொட்டு, ஃபோகஸ் பெட்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்குள் அந்தக் குவளை திரும்பப் போய்விட்டிருக்கும். ஜிஆரை ஒரு கையால் பையிலிருந்து எடுத்து, கட்டைவிரலுக்கு எட்டும் பொத்தான்களாலேயே எல்லாவற்றையும் மாற்றி, நெஞ்சளவில் பிடித்து எடுத்துவிடலாம். பெரிய கேமராவைக் கண்டதும் நின்று சிரிக்கத் தொடங்கும் மனிதர்கள் இதைக் கேமராவாகவே பொருட்படுத்துவதில்லை. மாலை வெயில் சாய்ந்து வீதி விளக்குகள் ஏற்றப்பட்டபின், எஃப் 2.8க்குத் திறந்து ஐஎஸ்ஓ 3200இல் எடுத்தாலும் வேட்டியின் நெசவு தெரியும். அந்த நேரத்தில் ஆட்டோ ஃபோகஸ் சற்றுத் தடுமாறும் என்பதையும் சொல்ல வேண்டும்.

28 மி.மீ. மிக அகலமாகத் தோன்றுபவர்களுக்கு 2021இல் வந்த ஜிஆர் 3 எக்ஸ் 40 மி.மீ. பார்வைக்கோணம் தருகிறது. முகங்களுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அதுவே பொருத்தம். 2025 செப்டம்பரில் வந்த ஜிஆர் 4இல் 53 ஜிபி உள் நினைவகமும் மேம்பட்ட ஸ்டெபிலைசரும் உண்டு. விலை 1,500 டாலர் அளவுக்கு ஏறிவிட்டது. ஏற்கெனவே ஜிஆர் 3 வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் படங்களில் வேறுபாடு இருப்பதாக நான் கருதவில்லை. இந்த வரிசைக் கேமராக்களுக்குத் தூசி பெரிய எதிரி. லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும்போது காற்றோடு தூசியையும் இழுத்துக்கொள்கிறது. சென்சாரில் படிந்தால், எஃப் 11இல் வானத்தை எடுக்கும்போது சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தெரியும். பெசன்ட் நகர் மணலுக்கு இதைக் கொண்டுபோகக் கூடாது. உண்மையில் நீளும் லென்ஸ் உள்ள எந்தச் சிறிய கேமராவையும் கடற்கரை மணலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கடற்கரைக்கும் குற்றாலத்துக்கும் ஓஎம் சிஸ்டம் டிஜி-7 இருக்கிறது. 15 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், லென்ஸ் உடலுக்குள்ளேயே இயங்குவதால் மணலும் நுழையாது. சென்சார் சிறியது, 12 மெகாபிக்சல்தான். பூச்சியையும் பூவின் மகரந்தத்தையும் ஒரு சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுக்கும் திறன் இதன் தனிச்சிறப்பு. அருவியில் நனையும் எண்ணம் இல்லாதவர்களுக்கு இது தேவையில்லை.

குறைந்த விலைப் பிரிவில்தான் ஏமாற்றம் அதிகம். 64 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம் என்று எழுதிய பெயர் தெரியாத கேமராக்களை இணையக் கடைகளில் பார்க்கிறோம். இவற்றைக் கண்டுபிடிக்க மேலே சொன்ன அதே சோதனை போதும். லென்ஸைச் சுற்றிக் குவியத் தூரமோ துவார எண்ணோ இருக்காது, அல்லது ஒரே ஒரு மில்லிமீட்டர் எண் இருக்கும்; இயக்கினால் லென்ஸ் அசையாது. ஜூம் முழுவதும் டிஜிட்டல், அதாவது வெறும் வெட்டல். சென்சாரின் உண்மையான பிக்சல்கள் சொன்னதைவிட மிகக் குறைவு. மீதியை மென்பொருள் நிரப்புகிறது. பள்ளிப் பிள்ளைக்கு ஆசையாக வாங்கிக் கொடுப்பதானாலும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு கோடக் பிக்ஸ்புரோ எஃப்இசட்55 வாங்கலாம். கோடக் பெயரை உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் ஜேகே இமேஜிங் நிறுவனத்தின் தயாரிப்பு இது. 16 மெகாபிக்சல், 28 முதல் 140 மி.மீ. வரை உண்மையான ஆப்டிகல் ஜூம், உண்மையான ஃபிளாஷ். படத்தின் தரம் நடுத்தரப் போனை மிஞ்சாது என்றாலும், சட்டமிடுவதையும் காத்திருப்பதையும் பிள்ளை கற்றுக்கொள்ள அது போதும். 2016இல் வந்த ஐக்சஸ் 285ஐ மைக்ரோ எஸ்டி கார்டுக்கு மாற்றி 2025இல் கேனன் மறுபடியும் கொண்டுவந்திருக்கிறது. அதன் ஃபிளாஷ் படங்களின் தோற்றத்தை இளைஞர்கள் விரும்புகிறார்கள். அந்த விருப்பம் நியாயமானது, ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய சென்சாருக்கு அந்த விலை அதிகம்.

சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் உள்ள கேமராக்களைத் தேடுவோர் பெட்டியைத் திறந்து கார்டு எது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம் பழைய மாடல்களில் எக்ஸ்டி கார்டும், சோனியில் மெமரி ஸ்டிக்கும் இருக்கும். இரண்டும் இப்போது கிடைப்பது கடினம். சாதாரண எஸ்டி கார்டு ஏற்கும் மிகப் பழைய கேமராக்களும் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காமல் போகலாம். பேட்டரி சற்றே உப்பியிருந்தாலும் வாங்கக் கூடாது. கைபேசி விளக்கை லென்ஸின் மேல் சாய்வாக அடித்தால் உள்ளே பூஞ்சை இருப்பது வலைப்பின்னலாகத் தெரியும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பீரோவுக்குள் கிடந்த கேமராக்களில் இது மிகச் சாதாரணம். புதிய கேமராவையும் தோலுறைக்குள் அடைத்து மாதக்கணக்கில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

வாங்கும் இடத்தைப் பற்றி இரண்டு செய்திகள். பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடைகளில் சர்வதேச வாரன்டி என்று ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட ஒரு அட்டையோடு என் உறவினர் ஒருவர் சர்வீஸ் சென்டருக்குப் போனபோது, இந்தியாவில் விற்றதற்கான பில் இல்லாமல் இலவசப் பழுதுபார்ப்பு கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லென்ஸ் நீளும் மோட்டார் பழுதானால் ஆகும் செலவு, பில் இல்லாமல் மிச்சப்படுத்திய தொகையை எளிதில் விழுங்கிவிடும். அடுத்து, ஜப்பானிலிருந்து உறவினர் மூலம் வரவழைப்பவர்கள், அந்நாட்டுச் சந்தைக்கான சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன், எந்த மாடலானாலும், கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சிறிய உடலுக்குள் பெரிய சென்சாருக்கான லென்ஸை மடக்கி வைப்பதால், அதன் கண்ணாடிகளில் ஏதேனும் ஒன்று மிகச் சிறிதளவு கோணலாகப் பொருந்தியிருந்தாலும் படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கிவிடும். ஒரே மாடலில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று மோசமாகவும் இருப்பதுண்டு. சுவரில் நாளிதழின் முழுப் பக்கத்தை ஒட்டச் சொல்லி, அல்லது எழுத்துகள் நிறைந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கும் அலமாரியின் எதிரே நேராக நின்று, ஜூம் செய்யாமல் துவாரத்தை முழுதாகத் திறந்து ஒரு படமும், ஜூமை முழுதாக நீட்டி ஒரு படமும் எடுக்க வேண்டும். பிறகு திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட வேண்டும். நான்கும் சற்று மென்மையாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு, ஏற்றுக்கொள்ளலாம். மூன்று தெளிவாகவும் ஒன்று மட்டும் குழைந்தும் இருந்தால், விற்பனையாளர் எவ்வளவு விளக்கம் சொன்னாலும் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொரு பெட்டியைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.